கண்ணாடிக்குள் மீன், டப்பாவுக்குள் மீன்

பிள்ளைகளா, இன்று குர்லாவில் உங்களுக்கு மீன்தொட்டி வாங்கப் போன கடையில் அடித்த பாசித் தண்ணீர் வாடை, மரைன் டிரைவில் முன்பு இருந்த மீன் காட்சிசாலையை நினைவுபடுத்தியது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. தாராவியில் அப்பா வேலை பார்த்த தோல் பட்டறைக்குத் தீபாவளிக்கு மறுநாள் லீவு என்பதால் வருஷா வருஷம் அங்கேதான் போவோம். உள்ளே இருட்டு, தொட்டிகளில் பச்சை வெளிச்சம், குமிழிச் சத்தம், நகரச் சொல்லி விரட்டும் காவலாளி, ஜில்லென்ற கண்ணாடியில் மூக்கை அழுத்தி நகராமல் நிற்கும் என் தங்கச்சி செல்வி.

பார்த்து முடித்ததும் கடலோரச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு வருஷம் அம்மா டப்பாவைத் திறந்தாள். சோறும் பொரித்த சாளை மீனும். செல்வி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அது வேற மீனு. இது மாஹிம் மார்க்கெட்ல வாங்குனது. தின்னு" என்றாள் அம்மா.

"இதுக்கு மட்டும் ஏம்மா கண்ணாடி வீடு கெடைக்கல?"

அம்மா முறைத்தாள். அப்பாவோடு வெளியே போகக் கிடைக்கும் ஒரே நாளும் சண்டையில் முடியப்போகிறதே என்று நான் பயந்தேன். அப்பாவோ வாய்க்குக் கொண்டுபோன துண்டைத் திரும்ப வைத்தார்.

"இவ கேட்டதுக்கு அப்புறம் எனக்கும் எறங்காதுளா. மூடு, வடாபாவ் வாங்கியாரேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து எலுமிச்சம்பழச் சோறுதான்.