பிரேக் பிடிக்காத வலது கை

“…போகக் கூடாதுன்னு நீங்க சொன்னதுக்காகத்தான் இம்புட்டு நாளு வீட்டுல இருக்கேன். ஆனா இந்தச் சைக்கிள ஒவ்வொண்ணா மாட்டிப் பூட்டி முடிக்கையிலயும் ஒங்க கை கூடலன்னா, நான் பழையபடி வேன்ல ஏறிருவேன். அப்பறம் மறிக்கப்பிடாது” என்றாள் என் மனைவி முத்துமாரி. அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் தம்பி செல்வம் தலையைத் தூக்கவில்லை.

வேன் என்றால், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். நாங்கள் இருவரும் அதில்தான் போய்வந்தோம். நான் இருந்த அறையில் வெடிமருந்து பற்றியபோது அவள் தள்ளியிருந்த அறையில் திரி வைத்துக்கொண்டிருந்தாள். மருந்தோடு மணல் சேர்ந்து உரசியிருக்கும் என்றார்கள். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. சீசன் நேரம்.

எனக்கு வெந்தது வலது புறங்கையும் விரல்களும். மதுரையில் ஸ்கின் கிராஃப்ட் (தொடைத் தோலை எடுத்துப் புண்ணில் ஒட்டுவது) செய்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர், “இந்த வார்டுல வேகாம இருக்கிறது கடியாரம் மட்டுந்தான், அதுவும் ஓட மாட்டேங்குது” என்பார். சிரித்தால் அவருக்குக் கழுத்துத் தோல் இழுக்கும். ஆனாலும் சிரிப்பார்.

உங்கள் வீட்டில் தீக்காயக்காரர் இருந்தால் ஒன்று சொல்கிறேன். புண் ஆறியதும் பாடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பிறகுதான் காண்ட்ராக்சர் (தழும்பு இறுகி, விரலை மடங்கவிடாமல் பிடித்துக்கொள்வது) வரும். “தழும்புக்குக் காது கேக்காதுங்க. வலிக்க வலிக்கத் தெனமும் சொல்லிக்கிட்டே இருக்கணும்” என்று பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைத் தந்தார். பிடித்துப் பிடித்து வெறுத்துப்போய் அதைத் தூக்கி எறிந்தேன்.

செல்வம் சிவகாசியில் அச்சக மெஷின்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவன். பழைய கார்பன் ஃபிரேம் ஒன்றையும், மற்ற பாகங்களைத் தனித்தனியாகவும் வாங்கிவந்து என் முன்னால் பரப்பினான்.

“பந்துதான மச்சான் வேணாங்கிறீக, இதப் பூட்டுங்க. பிரேக்க அமுக்கி வீல நிப்பாட்டுற அளவுக்குப் பிடி வந்துச்சுன்னா, எங்க மெஷின்ல அச்சுப் பிளேட்டு மாட்ட வந்துரலாம். மொதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.”

முத்துமாரி ஃபிரேமை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். “என்னலே, முருங்கக் கட்ட கணக்கா இருக்கு!”

வாரக்கணக்கில் பூட்டினேன். ஃபிரேமின் வயிற்றுக்குள் கேபிளை விட்டு மறுபக்கத் துளையில் பிடித்து இழுக்க வேண்டும். அவள் செல்போன் வெளிச்சம் காட்டுவாள். கார்பனை அளவுக்குமேல் முறுக்கினால் விரிசல் விட்டுவிடும். அதற்கென்று செல்வம் கொடுத்த ஸ்பானர், போதுமான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லிவிடும். சைக்கிளுக்குப் போதும் என்று சொல்ல ஒரு ஸ்பானர் செய்து வைத்திருக்கிறார்கள்.

சீட் தண்டுக்குப் பூச ஒரு பசை கொடுத்திருந்தான். பூசிவிட்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. முத்துமாரியும் தொட்டுப் பார்த்தாள். அவள் துணி எடுத்துவந்தாள். தண்டையும் குழாயின் உட்புறத்தையும் பொட்டு இல்லாமல் துடைத்தோம்.

மறுநாள் செல்வம் ஏறி உட்கார்ந்தான். சீட் அவனோடு சேர்ந்து மெல்ல இறங்கியது.

“பசைய எங்க மச்சான்?”

“மண்ணு கெடந்துச்சு. தொடச்சிட்டோம்.”

“அது வழுக்காம இருக்கிறதுக்குன்னே போட்ட மண்ணு!”

“வழுக்குனா வழுக்கட்டும்லே. உரசப்பிடாது” என்றாள் அவள். அவன் சிரிக்க வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் மறுபடி பூசி முடிக்கும்வரை அவள் தெருவில் போய் நின்றாள்.

கடைசியாக பிரேக். செல்வம் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டான். வலது லீவரில் விரல்களை வைத்து அழுத்தினேன். பாதிவரை மடங்கின. சக்கரம் தயங்கியது. பிறகு தன்பாட்டுக்குச் சுற்றியது. மறுபடி, மறுபடி. “கிரீஸ் அதிகமோ என்னமோ” என்றான் செல்வம். பிரேக்கில் ஏது கிரீஸ்?

டாக்டரம்மா விரல்களை மடக்கிப் பார்த்தார். “இன்னொரு ஆபரேஷன் பண்ணா இன்னும் கொஞ்சம் மடங்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்” என்றார். பொய் சொல்லாததற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அன்று மதிக்கவில்லை.

இந்தத் தோலுக்கு வியர்க்கத் தெரியாது. எங்கள் ஊரான மல்லாங்கிணற்றின் வெயிலிலும் என் உடம்பெல்லாம் நனைய, புறங்கை மட்டும் யாருடையதோபோலக் காய்ந்து கிடக்கும். முன்பு எனக்கு வருடம் என்றால் தீபாவளி சீசன், அதற்கடுத்த சீசன். இப்போது இருப்பது ஒரே ஒரு பகல். காலையில் வேன் புறப்பட்டதும் தொடங்கி, சாயங்காலம் அது திரும்பி வந்து முத்துமாரி இறங்கும்போது முடிகிறது.

டாக்டரைப் பார்த்துவந்த மறுநாள் காலையில் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. மறிக்க நான் வாயைத் திறந்தேன்.

“சைக்கிளு பூட்டியாச்சுல்ல” என்றாள் முத்துமாரி. சேலைக்கு மேல் என் பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மருந்து இருக்கிற இடத்துக்கு உலோகம் ஆகாது. கவரிங் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த வலது பிரேக் லீவரில் மாட்டிவிட்டு வெளியே போனாள்.