ஆடு குறுக்கே வரவில்லை

அந்தச் சிவப்புக் காரை நான் ஒன்பது மாதம் வைத்திருந்தேன். வைத்துக்கொள்வதா விற்றுவிடுவதா என்று ஒன்பது மாதமும் யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அக்காவின் தொழில் போய்விட்டது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். லாரியில் கிளீனர், டயர் கடையில் எடுபிடி, அரிசி ஆலையில் என்ஜின் ஓட்டுபவன் என்று பல ஊர் சுற்றி, அறுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஜீப் டிரைவர் ஆனேன். தோட்டத்தின் வெள்ளைக்கார மேனேஜர் சொந்த ஊருக்குக் கிளம்பியபோது, ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடந்த தன் காரின் சாவியை என்னிடம் கொடுத்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும், மேலே கூரை இல்லாத, பந்தயத்துக்கு ஓட்டுகிற வகைக் கார். சேலத்து மெக்கானிக்குகள் இரண்டு பேர் அதைக் கைவிட்டிருந்தார்கள். மலையை விட்டு இறக்கிவிட்டால் உன்னுடையது என்றார். ஆர்.சி. புக்கையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

மலை இறங்கியது என்ஜினால் அல்ல, சரிவால். சேலத்தில் ஒரு பட்டறையில் பதினைந்து நாள் கிடந்து, என்ஜினைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினேன். பிறகு ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்துக்கு ஓட்டி வந்தேன். அங்கேதான் அக்கா இருந்தாள். எங்கே வேலை போனாலும் நான் போய் இறங்கும் வீடு அதுதான். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். தட்டை வைத்துவிடுவாள்.

அக்கா பதினோரு வருஷம் வேறொருவர் ஷெட்டில் பீங்கான் கோப்பைகளுக்குக் காது ஒட்டும் வேலை செய்தவள். அந்த வருஷம்தான் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகக் கீற்றுக் கொட்டகை போட்டு, அச்சுகள் வாங்கி, தானே கோப்பை வார்க்க ஆரம்பித்திருந்தாள். மாமா ஒரு சூளையில் நெருப்புப் பார்ப்பவர். அவர் சம்பளத்தில் வீடு நடந்தது. கொட்டகை அக்காவுடையது.

கார் வந்த அன்றே அந்தக் கொட்டகையில் பாதியை எடுத்துக்கொண்டது. கோப்பைகள் காயும் மரத்தட்டுகளை அக்காவே வேப்பமரத்தடிக்கு நகர்த்தினாள். வெயிலில் காய்ந்தால் கோப்பை வெடிக்கும் என்பதால் மேலே பழைய சேலையைக் கட்டினாள்.

மாமா காரைச் சுற்றி வந்து பார்த்தார். "மச்சான், இதுல யாரு உக்காருவாங்க? உங்கக்கா உக்காந்தா நான் வூட்டுலயே இருக்கணும். நான் உக்காந்தா அவ இருக்கணும். குடும்பத்தப் பிரிக்கவே செஞ்சிருக்கானுவளே!"

"வித்துடுவேன் மாமா. ஆள் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எப்ப?"

"சீக்கிரமா."

உண்மையில் நான் ஆள் பார்க்கவில்லை. ஜங்ஷன் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வார விடுமுறையில் காரைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தேன். அதில் இரண்டு கார்புரேட்டர்கள். ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெட்டுப்போகும். மழைக்காற்று அடித்தாலே ஒயரிங் ஈரம் வாங்கி, லைட் எரியாது. சக்கரங்கள் சைக்கிள் போலக் கம்பிச் சக்கரங்கள். மாட்டு வண்டித் தடத்தில் இறங்கினால் அடிவயிறு தரையில் உரசும். மெதுவாக ஓட்டினால் பிளக் கறுத்து, ரேடியேட்டர் கொதித்து, நின்றுவிடும். எங்கள் ஊரிலோ மெதுவாகப் போகிற வேலைதான் அதற்கு வந்தது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்காகக் கேட்டார்கள். மேல் திறந்த கார், பூ ஜோடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! நாயனத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் இரண்டு தெரு போனது. மூன்றாவது தெருமுனையில் ஆவி கக்கி நின்றது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார்.

இத்தனையும் தெரிந்தும் ஏன் விற்கவில்லை என்றால், கடலூர் ரோட்டில் ஒரு நேரான பகுதி இருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே எதிரே வண்டி வராது. காலை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். புளியமரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் மாதிரி ஆகிவிடும். பிறந்ததிலிருந்து மற்றவர்கள் வண்டியைத் துடைத்தவனுக்கு அந்த மூன்று நிமிஷம் போதுமானதாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் வேப்பமரத்தடியில் அக்கா சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். அடுத்த வாரம் விற்றுவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த வாரம் மறுபடி கடலூர் ரோட்டுக்குப் போவேன்.

நெய்வேலியிலிருந்து ஒரு என்ஜினியர் கேள்விப்பட்டு வந்தார். வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன்.

"இது சும்மா நிக்குதுன்னு நெனைக்காதக்கா. உனக்கே ஒதவும் பாரு."

"எனக்கு என்னாத்துக்குடா ஒதவப்போவுது?" என்று சிரித்தாள்.

அந்த வருஷ மாசிமகத்தன்று அதற்கு ஒரு வழி வந்தது.

அக்காவுக்கு முதல் பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது. கடலூர்க் கடைக்காரர் ஒருவர் டீக் கோப்பைகள் கேட்டிருந்தார். எங்கள் பகுதியில் சின்னக் கொட்டகைக்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு சூளையில் முறை வைத்துத்தான் சுட்டுக்கொள்ள வேண்டும். அக்காவின் முறை அன்று. பகல் பன்னிரண்டுக்குள் சரக்கு போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த முறை வர ஒரு மாதம் ஆகும். கடைக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.

சுடாத கோப்பையைப் பச்சை என்பார்கள். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் உடையும். அதனால் பச்சையை யாரும் சக்கர வண்டியில் ஏற்ற மாட்டார்கள். நீளப் பலகையில் வரிசையாக அடுக்கி, பெண்கள் தலையில் வைத்து நடந்து கொண்டுபோவார்கள். அவர்கள் நடையில் இடுப்புக்குக் கீழேதான் அசைவு இருக்கும். தலை தண்ணீரில் மிதப்பது போலப் போகும். அக்காவுக்குச் சுமக்கும் இரண்டு பெண்கள் அன்று வரவில்லை. மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி பார்க்கப் போய்விட்டார்கள். மாமா சூளை வேலையில் இருந்தார்.

மணி பத்தரை. அக்கா பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கொண்டுபோறேன்க்கா" என்றேன். "பக்கத்து சீட்டக் கழட்டிட்டா பலகை நீளமா படுக்கும்."

"வேணான்டா. பச்சைய வண்டில ஏத்துற பழக்கமில்ல."

"மாட்டு வண்டின்னா குலுங்கும். இது சீமையில செஞ்ச காரு. ஸ்பிரிங்கு இருக்குது. தொட்டில் மாதிரி போவும்."

"வழியில நின்னுட்டா?"

"நின்னா தூக்கிக்கிட்டு ஓடுறேன். ஒரு மைல்தான?"

அவள் அரை மனதோடு தலையாட்டினாள். சீட்டைக் கழற்றினேன். அக்கா வைக்கோல் பரப்பினாள். பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக, நடுவில் மரக்கட்டை கொடுத்து அடுக்கினாள். ஒரு பலகைக்கு இடம் இல்லை. அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்" என்றாள்.

என்றைக்கும் அடம் பிடிக்கும் கார் அன்று முதல் திருப்பிலேயே கிளம்பியது. நான் உண்மையாகவே மெதுவாகத்தான் ஓட்டினேன். கோப்பைகள் ஒன்றோடொன்று கிசுகிசுப்பது போலச் சத்தம் வந்தது. ஒன்றுகூட விழவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் மாசிமகத்துக்கு வந்த ஜனம், பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டருகே நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் காரைப் பார்த்தார்கள். ஒருவர் பானட்டைத் தடவினார்.

"இது ஓடுமாங்க, இல்ல பொம்மையா?"

"பாத்திரக்காரன் வண்டிப்பா. ஈயம் பூச வந்திருக்கான்" என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்தது.

ரயில் போனது. கேட் திறந்தது. என்ஜின் ஒரு பக்கம் திக்க ஆரம்பித்திருந்தது. அதைத் தெளிய வைக்க ஒரு வழிதான் உண்டு: கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை இரண்டு தரம் அழுத்திவிட வேண்டும். வண்டி நகராது. அதை மட்டும் செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தது. இவர்கள் இதன் சத்தத்தை ஒருமுறை கேட்கட்டும், இது போகிற போக்கை ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். காலை அழுத்தினேன். கிளட்சை விட்டேன்.

கார் தண்டவாளத்தைத் தாவிக்கொண்டு போனது. மறுபக்கம் பிரேக் போட்டபோது பலகைகள் எல்லாம் முன்னால் வந்து என் முழங்காலில் சரிந்தன. பெரிய சத்தம்கூட இல்லை. பச்சை உடையும்போது பீங்கான் போல ஒலிக்காது. மண்கட்டி உதிர்வது போலத்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தால் வைக்கோலில் வெள்ளைத் தூளும் ஓடுகளும் கிடந்தன. ஒட்டி வைத்த காதுகள் தனித்தனியாகக் கிடந்தன. கூட்டம் கைதட்டியது. உள்ளே இருந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

அக்கா பலகையோடு கேட்டுக்கு வந்து சேர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் ஒரு ஆட்டைத் தயார் செய்தேன்.

"ஆடு ஒண்ணு குறுக்க வந்துடுச்சுக்கா. பிரேக் அடிச்சிட்டேன்."

அவள் தலைச் சுமையோடு குனிய முடியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். "வைக்கோல நான்தான் கம்மியா போட்டுட்டேன்" என்றாள். "பலகைக்கு ஓரத்துல அண்டை குடுத்திருக்கணும். அவசரத்துல உட்டுட்டேன்."

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாக்கா, ஒரு பக்கமாதான் சாஞ்சிது" என்றேன்.

"போவுது. பச்சைதான. கரைச்சி மறுபடி ஊத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தலையில் இருந்த ஒரு பலகையோடு சூளைக்கு நடந்தாள். மண் வீணாகவில்லை என்பது சரிதான். அவளுடைய ஆறு வார வேலை போயிருந்தது. முறை அடுத்தவருக்குப் போனது. அந்த ஒரு பலகையை மட்டும் சூளை மேஸ்திரி யாருடைய சரக்கோடோ சேர்த்து வைத்துக்கொண்டார்.

கடலூர்க்காரர் பொறுக்கவில்லை. வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். சித்திரை பிறப்பதற்குள் அக்கா அச்சுகளை விற்றுவிட்டு, பழைய ஷெட்டுக்கே காது ஒட்டப் போனாள். போவதற்கு முந்தின நாள் மரத்தட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள்.

"இப்ப உன் வண்டிக்கு எடம் தாராளமா இருக்குதுடா. கதவத் தொறந்தா இடிக்காது."

அவள் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டத் தெரியாதவள். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. நெய்வேலிக்காரருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். சூளைக்குப் போய்ச் சேர்ந்த அந்த ஒரு பலகைக் கோப்பைகளில்தான். மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குறைய மறைக்காம சொல்லுங்க" என்றார் என்ஜினியர்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்புரேட்டர், ஒயரிங், ரேடியேட்டர், அடிவயிறு. மாமா, "மச்சான் விக்கிறாரா, வியாதி சொல்றாரா?" என்றார். என்ஜினியர் சிரித்தார்.

"கிளட்ச் எப்படிங்க? திடீர்னு பாயுமா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "தானா பாயாதுங்க. நாம கால வச்சாதான் பாயும். மாசிமகத்தன்னைக்கு ரயில்வே கேட்டுல பாஞ்சிது. ஜனம் பாக்கணும்னு நான்தான் கால வச்சேன். குறுக்க எதுவும் வரல. வைக்கோலு, அடுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துது."

என்ஜினியருக்கு அது புரிந்திருக்காது. தலையாட்டிவிட்டு பானட்டைத் திறக்கச் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பியபோது அக்கா அங்கே இல்லை.

கார் போன பிறகு, அதை விற்ற பணத்தை அப்படியே அக்காவிடம் கொடுத்தேன். அச்சு வாங்கிக்கொள் என்றேன். வாங்கி அரிசிப் பானைமேல் வைத்தாள். "கொட்டாய்க்குக் கீத்து மாத்தணும்" என்று மட்டும் சொன்னாள். மறுபடி கோப்பை வார்க்க அவள் ஆரம்பிக்கவே இல்லை. நான் அந்த மாதமே ஒரு லாரியில் ஏறி வடக்கே போய்விட்டேன்.

பிறகு எத்தனையோ தரம் அந்த வீட்டில் போய் இறங்கியிருக்கிறேன். தட்டு வைக்கத் தவறியதில்லை. கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தாள். டீ மட்டும் எனக்கு எவர்சில்வர் டம்ளரில் வரும். அந்தக் கோப்பைகள் எங்கே என்று நான் கேட்டதில்லை.