கோல் அடித்ததும் அவன் மண்ணைத் தொட்டான்

தை மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. என் தம்பி பாண்டியின் கால்பந்து வாழ்க்கை அன்று முடிந்தது. காலில் அடிபட்டு அல்ல, வயதாகியும் அல்ல. அவனுக்கு இருபத்தாறு வயதுதான். ஒரு மருத்துவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

நான் அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சை பயிரிடுகிறவன். நாளும் கிழமையும் மனதில் வைத்துக்கொள்வது சிறுவயதிலிருந்தே பழக்கம். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன். எங்கள் தெருக் காளியம்மன் எங்களுக்குச் செய்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அது உதவிதான் என்று புரிய எனக்குச் சில நாட்கள் ஆயின.

எங்கள் அப்பா முப்பத்தெட்டு வயதில் போனார். மாசி மாதத்து உச்சி வெயிலில் வாய்க்கால் மடையை அடைக்க ஓடியவர் வரப்பில் விழுந்தார். எழவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மார்க்கையன்கோட்டைப் பக்கம் அறுப்புக் களத்தில் நெல் மூட்டை தூக்கும்போது பெரியப்பாவும் அப்படித்தான் விழுந்தார். அவருக்கும் நாற்பது ஆகவில்லை. இரண்டு சாவுக்கும் ஊரில் ஒரே காரணம் சொன்னார்கள்.

"உச்சிப் பொழுதுல வெளிய போயிருக்காக. முனி அடிச்சிருச்சு."

நாங்களும் நம்பினோம். முனிக்குக் கிடாய் வெட்டினோம். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

பாண்டி பள்ளிக்கூடத்திலேயே ஃபார்வர்டு. கோல் அடிப்பதுதான் அவன் வேலை. விளையாட்டு விடுதியில் சேர்ந்தான், சென்னையில் லீக் ஆடினான், பிறகு கேரளத்தில் ஒரு சின்ன கிளப்பில் சம்பளத்துக்கு ஆடினான். "ஃபார்வர்டுன்னா ஓடிக்கிட்டே காத்திருக்கணும்ணே" என்பான்.

கோல் அடித்ததும் மற்றவர்கள் கைகளை விரித்துக்கொண்டு ஓடுவார்கள். பாண்டி அப்படியே குந்திவிடுவான். ஒரு கையை மண்ணில் ஊன்றித் தலையைக் கவிழ்த்துக்கொள்வான். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அவன் கோல் அடித்தால் கேலரியில் பாதிப்பேர் குந்தினார்கள். சொந்த ஊர் அம்மனை நினைத்து மண்ணைத் தொடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோயில் திருவிழாவுக்கு அந்தப் படத்தைப் போட்டு எங்கள் தெரு முனையில் ஃபிளெக்ஸ் வைத்தோம். பிறந்த மண்ணை வணங்கும் மைந்தன் என்று கீழே எழுத வைத்தவனே நான்தான்.

மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அம்மனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பிக்கு ஒரு பெரிய கிளப் கிடைக்க வேண்டும். கிடைத்தது. தை பிறந்ததும் கேரளத்துப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் உடம்புப் பரிசோதனை. அதுவும் வெள்ளிக்கிழமை என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவனுடன் நானும் போனேன்.

சின்ன கிளப்புகளில் முழங்காலையும் கணுக்காலையும் அழுத்திப் பார்ப்பார்கள். இங்கே நெஞ்சில் பசை தடவி, எக்கோ எடுத்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். இன்னொரு மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "ஓடிக் கழிஞ்சா கண்ணு இருட்டுமோ?"

பாண்டி சொன்னான்: "இருட்டும் சார். கோல் அடிக்க ஓடுற ஓட்டத்துலதான் ரொம்ப. அதான் ஒடனே உக்காந்துருவேன். கைய ஊனிக்குவேன். செத்த நேரத்துல சரியாயிரும்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "ஏன்டா, நீ கும்புடுறன்னுல்ல நெனச்சோம்?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாக. நானும் சரின்னு விட்டுட்டேன்."

வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்தார்களா என்று மருத்துவர் கேட்டார். அப்பாவையும் பெரியப்பாவையும் சொன்னேன். மாதம், வயது, எந்த வேலை செய்யும்போது என்று எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது, ஓடும்போது இதயம் நின்றுபோகலாம் என்றார். பிறகுதான் அந்த வாக்கியம். "இனி ஓடக் கூடாது."

அந்த நிமிடம் என் கண்ணில் நின்றது தம்பி இல்லை. என் மகள் தர்ஷினி. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி விளையாட்டு விழாவில் நானூறு மீட்டரில் முதலாவது வந்தாள். கோட்டைத் தாண்டியதும் குந்தி ஒரு கையை மண்ணில் ஊன்றினாள். "சித்தப்பா மாதிரியே!" என்று எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவன் நான்.

குமுளி வழியாகத் திரும்பினோம். மலை இறங்கிய பிறகு பாண்டி சொன்னான்: "ஃபிளெக்ஸக் கழட்டச் சொல்லுண்ணே."

மறுநாள் காலை கோயிலுக்குப் போய்ச் சூடம்கூட ஏற்றவில்லை. "குடுக்குற மாதிரிக் காட்டிட்டுப் புடுங்கிட்டயே, ஆத்தா. நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பாண்டிக்கு ஒரு போன் வந்தது. கேரளத்தில் செவன்ஸ் ஆட்டம், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் போட்டி, அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அன்றன்றே கூலி. வருகிறேன் என்றுவிட்டான்.

"அங்கன யாரும் நெஞ்சப் பாக்க மாட்டாக" என்றான். "காலத்தான் பாப்பாக."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "ஏலே, ஒங்கப்பன வரப்புலருந்து தூக்கியாந்தவ நானு. ஒன்னய எந்தக் கிரவுண்டுலருந்துலே தூக்குறது?"

"வெளாடாம இங்கன உக்காந்து மட்டும் என்னத்தச் செய்ய? சாகவாம்மா?"

அம்மா அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை மறுபடியும் கோயிலில் நின்றேன். பெரிய கிளப், பேர், காசு எதுவும் கேட்கவில்லை. "உசுர மட்டும் விடு. அவன நிறுத்து. எப்படியாவது நிறுத்து" என்றேன்.

எப்படியாவது என்று கேட்டவன் நான்தான்.

புதன்கிழமை தர்ஷினியைத் தேனிக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தோம். அவளுக்கும் அதே நோய். எனக்கும் எடுத்தார்கள்; ரத்தத்தில் இருந்தும் எனக்குத் தசை தடிக்கவில்லை, என் வழியாகத்தான் அவளுக்குப் போயிருக்கிறது என்றார்கள். பேருந்தில் அவள் சன்னல் ஓரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மனை ஏசக்கூட என்னிடம் வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாண்டி பையோடு வாசலில் நின்றிருந்தான். குமுளி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"சித்தப்பா, ஒங்களுக்கு இருக்கறதுதான் எனக்கும் இருக்காம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க வெளாடப் போறீகளா?" என்று கேட்டாள்.

"போகணும்த்தா."

"அப்ப அடுத்த வாரப் போட்டியில நானும் ஓடுறேன். நீங்க நிறுத்துனா நானும் நிறுத்திக்கிறேன்."

அவள் அழவில்லை, மிரட்டவும் இல்லை. மிட்டாயைப் பங்கு போடுகிற குரலில் சொன்னாள். பாண்டி வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு பையைத் திறந்து பூட்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"இத எங்கனயாச்சும் ஒளிச்சு வையி. நானே கேட்டாலும் குடுக்காத."

"அப்ப என் ஷூவ நீங்க ஒளிச்சு வைங்க. நான் அழுது கேட்டாலும் குடுக்கக் கூடாது."

இருவரும் ஒளித்தார்கள். எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாசியில் பாண்டியின் தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதுவே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யுமாம். தர்ஷினிக்கு மாத்திரை. பாண்டி இப்போது ஒரு பெட்டித் திராட்சைகூடத் தூக்கக் கூடாது. எடை போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். டிவியில் கால்பந்து வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். இதெல்லாம் சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிடைக்காத எச்சரிக்கை இவனுக்குக் கிடைத்திருக்கிறது. என் மகளுக்கும் கிடைத்திருக்கிறது.

இத்தனை வருடம் எல்லாரும் அவன் கால்களைத்தான் பார்த்தார்கள். நெஞ்சைப் பார்க்கும் இயந்திரம் அந்தப் பெரிய கிளப்பின் வாசலில்தான் இருந்தது. மூன்று ஆண்டுகள் நான் கேட்ட கதவை அம்மன் திறந்துதான் விட்டாள். அவன் நுழைய அல்ல, நிற்க. இப்போது வெள்ளிக்கிழமைகளில் எதுவும் கேட்பதில்லை. கும்பிட்டுவிட்டு மட்டும் வருகிறேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது சிறு வயதில் ஓடிய இடத்திலோ உழைத்த இடத்திலோ விழுந்திருந்தால், முனி என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் நெஞ்சை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். அதே கையோடு உங்கள் தெய்வத்திடமும் கேளுங்கள். வரும் பதில் கசந்தாலும் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வைகாசித் திருவிழாவில், அம்மன் சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தபோது, கூட்டத்தின் நடுவே பாண்டி திடீரென்று குந்தினான். ஒரு கையை மண்ணில் ஊன்றித் தலையைக் கவிழ்த்தான். நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். தோளைப் பிடித்துத் தூக்கப் போனேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பயப்படாதண்ணே" என்றான். "இப்பக் கும்புடத்தான் உக்காந்தேன்."