ஸெல்தார் பேசிய பாஷை

காமிக்ஸ் படங்களில் பேச்சுக் குமிழிக்குள் எழுத்து எழுதுவது ஃபைகாவின் வேலை. போலந்திலிருந்து கப்பலேறி நியூயார்க் வந்தவள், கோட்டுத் தையல் ஆலையில் இடுப்பொடிந்தபின் 1940இல் எப்படியோ இந்த நாற்காலியைப் பிடித்தாள். இதுவும் போனால் மறுபடி அந்த ஆலைதான்.

கதை எழுதும் ஹெர்ப் கான்டர் இருக்கிறானே, அவன் சரியான சோம்பேறி. வில்லன் பேசுவதை எழுதுவான், நிருபர் பெண் பேசுவதை எழுதுவான். வேற்றுக்கிரகத்து வீரன் ஸெல்தாரின் குமிழிகளை மட்டும் காலியாக விட்டுவிட்டு, "கோவமா ஏதாவது போட்டுக்கம்மா" என்று காபிக்குக் கிளம்பிவிடுவான்.

ஃபைகாவும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டாள். மனசுக்குள் வாக்கியம் யித்திஷில், அவள் ஊர் யூதர்கள் வீட்டில் பேசும் மொழியில், ஓடும்; வெளியே வரும்போது சொற்கள் முன்னே பின்னே விழும். "கொடுக்கிறேன் உனக்கு நான் இப்போது ஒரு துக்கம்!" என்று சொல்லி ஸெல்தார் கொள்ளைக்காரனைத் தூக்கி எறிந்தான். "இவனுக்கு வேண்டுமாம் உலகம்! படுக்க இடமில்லையோ வீட்டில்?" என்று ராட்சசனைக் கேட்டான். பிள்ளைகள் சொக்கிப் போனார்கள். வேற்றுக்கிரகத்துக்காரன் என்றால் இப்படியல்லவா பேச வேண்டும்! புத்தகம் பறந்தது.

பாவம், இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரிந்தது? வாயைத் திறந்தால் அலுவலகம் சிரிக்கும் என்பது மட்டும்தான் தெரியும். "இப்பத்தான் கப்பல்ல இறங்கியிருக்காங்க மகாராணி" என்பான் ஹெர்ப். இத்தனைக்கும் அவனுடைய அப்பாவும் அதே மாதிரிக் கப்பலில் வந்தவர்தான். அவமானம் தாங்காமல் ஃபைகா சாயங்கால ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள், இலக்கணம் படித்தாள். அடுத்த இதழில் ஸெல்தார் கொள்ளைக்காரனைப் பார்த்து, "ஐயா, தங்கள் செயலை வன்மையாகக் கண்டிக்கிறேன்!" என்றான்.

விற்பனை படுத்துவிட்டது. முதலாளி லெவிட் புத்தகத்தை வீசியடித்தார்.

"ஓய்! எவன்யா இவனை வாத்தியாரா மாத்தினது? பழைய பேச்சு எங்கே?"

"நான்தான் சார் கொஞ்சம் மாத்திப் பார்த்தேன். இதோ, பழையபடியே ஆக்கிடுறேன்" என்று கூசாமல் சொன்னான் ஹெர்ப். எழுந்து நின்று, ஃபைகாவைப் போலவே தோளைக் குலுக்கி, "நான் அடிக்க! நீ விழ! அய்யய்யோ!" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஃபைகாவுக்கு முகம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையாவது மிஞ்சும். தன் தப்பு ஆங்கிலம்தான் இத்தனை நாளும் அச்சில் போனது என்று சொன்னால், கதவைக் காட்டிவிடுவார்கள். ஆனாலும் எழுந்துவிட்டாள். பதற்றத்தில் படித்த இலக்கணமெல்லாம் காற்றில் போயிற்று.

"எழுதினது இவன் இல்ல சார். எழுதினேன் நான், ஆரம்பத்துல இருந்து. அனுப்புங்க என்னை வேணும்னா வெளியே. ஆனா கோமாளி இல்ல ஸெல்தார்!"

லெவிட் முறைத்தார். "பின்னே ஏம்மா அவன் அப்படிப் பேசறான்?"

"போக முடியாது அவனால திரும்பி ஊருக்கு. இல்லவே இல்ல இப்ப அந்த ஊரு. இருக்கிறது அவன்கிட்ட அந்தப் பேச்சு மட்டும்தான். வேற எப்படிப் பேசுவான் சார் அவன்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஹெர்ப் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். லெவிட் அவன் மேசையிலிருந்த பக்கத்தை எடுத்துவந்து ஃபைகாவின் முன்னால் வைத்தார்.

"எழுதும்மா" என்றார், யித்திஷில்.