காஜா அக்காவும் ஒரு ரோஜாவும்

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்கு எங்கள் தொழிலில் காஜா என்று பெயர். அந்தத் துளையைப் போடுகிற மிஷினில்தான் என் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறாள். அதனால் தையல் கூடத்தில் அவள் காஜா அக்கா. அங்கே யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. செய்கிற வேலைதான் பெயர். காலர் வைப்பவள் காலர். துணியின் ஓரம் அடிப்பவள் ஓவர்லாக். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். பாக்கெட் தைக்கக் கொடுத்தார்கள். அன்று மாலையே நான் பாக்கெட் ஆகிவிட்டேன். வீட்டில்கூடப் பெரியம்மா, "பாக்கெட்டு, தண்ணி கொண்டா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. படியிறங்கி உள்ளே வந்ததும் போனில் சிக்னல் செத்துவிடும். ஒரு கோடியில் சுவரின் உச்சியில் ஒரே ஒரு ஜன்னல். அதில் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். அங்கேயும் சிக்னல் வராது, காற்றுதான் வரும். மறு கோடியில் சூப்பர்வைசரின் அறை. அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசையும் நாற்காலியும். தடுப்பின் இந்தப் பக்கத்தில் நாங்கள் மதியம் சாப்பிடுகிற நீள மேசை.

இந்தப் பாதாளத்துக்கு வெளி உலகத்தைக் கொண்டுவருவது பெரியம்மாதான். அவள் போனில் ஒரு ஆப் இருக்கிறது. நெட் வேண்டாம், வயர் வேண்டாம். ஒருவர் போனில் இருக்கிற படமோ பாட்டோ பக்கத்திலிருக்கிற இன்னொருவர் போனுக்குக் காற்றிலேயே போய்விடும். வாங்குகிறவர்கள் அந்த ஆப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அனுப்புகிறவர் திரையில் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வட்டமாகத் தெரிவார்கள். வட்டத்துக்குக் கீழே போனின் பெயர் இருக்கும். வட்டத்தைத் தட்டினால் அனுப்பியாயிற்று.

எங்கள் எல்லார் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவள் பெரியம்மா. போனுக்குப் பெயர் வைத்ததும் அவளே. காலர், ஓவர்லாக், பாக்கெட் என்று கூடத்துப் பெயரையே வைத்துவிட்டாள்.

தினமும் மாலை வீட்டில் அவள் ஒரு தொடரின் அன்றைய பகுதியை இறக்கிப் பார்த்துவிடுவாள். மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் அனுப்புவாள். நாங்கள் அதை பஸ்ஸிலோ அடுப்படியிலோ பார்த்துவிட்டு அடுத்த நாள் பேசித் தீர்ப்போம். ஆக, கதையில் அவள் எப்போதும் எங்களைவிட ஒரு நாள் முன்னால் இருப்பாள். அதுதான் அவளுடைய ஆயுதம். யாராவது அவளிடம் வம்புக்குப் போனால் கத்தவோ திட்டவோ மாட்டாள்.

"இரு, நாளைக்கு என்ன ஆகப் போகுதுன்னு சொல்லிடறேன்" என்பாள்.

"ஐயோ அக்கா, வேணாம்! தப்பு என்மேலதான்!" என்று ஓவர்லாக் அலறுவாள். ஓவர்லாக்கை வேறு எதனாலும் வாயடைக்க முடியாது.

சூப்பர்வைசருக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். பார்க்கலாம் சார். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அவருக்குத் தொடர் என்றாலே ஆகாது. மதியம் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு குத்து குத்துவார்.

"இதெல்லாம் ஒரு கதையா? ஒருத்தி அழறா, அவளைப் பார்த்து இன்னொருத்தி அழறா. மூளையைக் கழட்டி வச்சிட்டுத்தான் இதைப் பார்க்கணும்."

"நாங்க படியிறங்கும்போதே கழட்டி வச்சிட்டுத்தான் சார் வர்றோம்" என்றாள் ஓவர்லாக்.

இப்போது பெரியம்மாவின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அவள் மிஷின் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. நாள் முழுக்க நீராவி அவள் கழுத்தில் அடிக்கும். புடவைத் தலைப்பு நனைந்து, துடைக்கிற துணி நனைந்து, அதற்கு மேல் துடைக்க எதுவும் இருக்காது. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் போதும், இஸ்திரி போட்டதும் மஞ்சளாக ஒரு வட்டம் எழும்பிவிடும். அப்படிக் கறைபட்ட ஒரு கட்டுச் சட்டை திரும்பி வந்தது.

ஜன்னலடியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த இடம் காலி. சூப்பர்வைசர் அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். பெரியம்மா அவரிடம் போய் நின்றாள்.

"சார், என் மிஷினை ஜன்னல் பக்கம் மாத்திக் கொடுங்க."

"பார்க்கலாம்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"பார்த்தீங்களா? நான் பேச்சு மாறாதவன்."

"அங்க என்ன சார் இருக்கு? வெறும் அட்டைப்பெட்டி. அதுக்கு வேர்க்குதா?"

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "இன்னொரு தடவை சட்டை கறையோட திரும்பி வரட்டும். காஜா மிஷினுக்கு வேற ஆளைப் போட்டுட்டு உங்களை நூல் வெட்ட உட்கார வச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தாள். ஆனால் அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. காஜா மிஷின் அவளுக்கு வெறும் மிஷின் இல்லை. மற்றவர்களின் வேலையில் கோணல் வந்தால் பிரித்துத் தைக்கலாம். காஜாவில் கத்தி இறங்கிவிட்டால் இறங்கியதுதான். துளையை யாராலும் பிரிக்க முடியாது. அந்த மிஷினில் உட்காரப் பெரியம்மா பல வருஷம் காத்திருந்தாள். அதிலிருந்து எழுந்து, நேற்று வந்தவர்களோடு தரையில் உட்கார்ந்து, தைத்த சட்டையில் தொங்குகிற நூலை வெட்டுவதா?

அந்த வாரத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். பெரியம்மா வட்டங்களைத் தட்டும்போது பெயரைப் படிப்பதே இல்லை. கோழிக்குத் தீனி இறைப்பதுபோல் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போவாள். அன்று பக்கத்திலிருந்த நான்தான் படித்தேன்.

"பெரியம்மா, ரோஜான்னு யாரு?"

"எந்த ரோஜா?"

"இதோ, கடைசி வட்டம். நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. இது மிச்சம்."

பெரியம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஆப்பில் பழைய கணக்கைத் தேடிப் பார்த்தால், ரோஜா வெகு நாளாகவே வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பகுதியைக்கூட விடவில்லை. சூப்பர்வைசர் கடைக்கோ வங்கிக்கோ போயிருந்த நாட்களில் மட்டும் ரோஜா இல்லை.

அதை முதலில் சொன்னது காலர். சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சேச்சே, இருக்காதுடி. அந்த மனுஷனா?" என்றாள் ஓவர்லாக். பிறகு பிளைவுட் தடுப்பைப் பார்த்தாள். நாங்கள் எல்லாருமே பார்த்தோம். தடுப்புக்குப் பின்னால் யாரோ மெதுவாகத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

பெரியம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அவளுக்கு அன்று நல்ல பசி. என் டப்பாவிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டாள்.

அன்று மாலை வந்த பகுதி பெரிய பகுதி. கதாநாயகியின் கணவன் டாக்டர். அவன் கார் மலைப்பாதையில் உருண்டு தீப்பிடிக்கிறது. கதாநாயகி விழுந்து புரண்டு அழுகிறாள். கடைசி நான்கு நிமிஷத்தில்தான் விஷயம். டாக்டர் அந்தக் காரில் ஏறவே இல்லை. வழியில் ஒரு நோயாளியைப் பார்க்க இறங்கிவிட்டான். கையில் பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

பெரியம்மா அதை இரண்டு ஃபைலாக்கினாள். ஒன்று முழுசு. இன்னொன்றில் அந்த நான்கு நிமிஷத்தை வெட்டிவிட்டாள். வெட்டும்போது காஜா போடுகிற அதே முகம், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"பாவம் பெரியம்மா" என்றேன்.

"யாரு, டாக்டரா?"

"ரோஜா."

"அது முள்ளுள்ள செடி, தாங்கும்" என்றாள்.

மறுநாள் மதியம் எங்களுக்கெல்லாம் முழுசு வந்தது. ரோஜாவுக்கு மட்டும் டாக்டர் எரிந்துபோகிற ஃபைல் போனது.

அதற்கடுத்த நாள் காலையில் சூப்பர்வைசர் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணிமை வீங்கியிருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார். சட்டை தைக்கிற இடத்தில் அது எவ்வளவு பெரிய குற்றம்! காலர் தாமதமாக ஓடி வந்தாள். திட்டு விழும் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"ஓடி வராதம்மா. மெதுவா வா. மனுஷ வாழ்க்கை ஒரு நொடியில முடிஞ்சிடுது" என்றார் அவர்.

ஓவர்லாக் சிரிப்பை அடக்க மிஷினை வேகமாக மிதித்ததில் ஒரு முழம் துணி வீணானது.

மதியம் மேசையில் உட்கார்ந்தோம். பெரியம்மா தடுப்பை ஒட்டி இடம் பிடித்துக்கொண்டு, காது கேட்காதவர்களுக்குச் சொல்வதுபோல் குரலை உயர்த்தினாள்.

"ஆனாலும் டாக்டர் வாசல்ல வந்து நின்னதும் அந்த மாமியார் முகம் போன போக்கு இருக்கே!"

"ஆமாக்கா, கையில பையோட வந்து நிக்கிறாரு பாருங்க. எனக்கு உயிரே வந்துச்சு" என்றாள் காலர்.

"ஒரு கீறல்கூட இல்லடி!" என்றாள் ஓவர்லாக்.

தடுப்புக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"என்ன பேசறீங்க? அவர்தான் காரோட எரிஞ்சிட்டாரே!"

 பெரியம்மா பிளைவுட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன ரோஜா, சாப்பிட்டாச்சா?"

சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். முகம் உண்மையிலேயே ரோஜா நிறத்தில் இருந்தது.

"அது என் பொண்ணு போன். பழசாச்சுன்னு எனக்குக் கொடுத்துட்டா. பேரை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல."

"பேரு நல்லாத்தான் சார் இருக்கு."

"அதை விடுங்கம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் நிஜமாவே உயிரோட இருக்காரா?"

பெரியம்மா டப்பாவை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அவசரமே இல்லை.

"பார்க்கலாம் சார்" என்றாள்.

"அந்தக் கடைசித் துண்டு மட்டும் எனக்கு..."

"பார்க்கலாம் சார்."

சாயங்காலம் நாங்கள் கிளம்புவதற்குள் அட்டைப்பெட்டிகள் இடம் மாறிவிட்டன. காஜா மிஷினை ஜன்னலடிக்கு நகர்த்த அவரே ஒரு பக்கம் பிடித்தார். மிஷின் தரையில் உட்கார்ந்ததும் பெரியம்மா போனை எடுத்தாள். நான்கு நிமிஷம் காற்றில் போயிற்று.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஜன்னல் காற்றுபட்ட பெரியம்மாவை உங்களுக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அவள் சாப்பிடக்கூட எழுந்து வர மறுத்துவிட்டாள். டப்பாவை மிஷின் மேலேயே வைத்துச் சாப்பிட்டாள். "வேணுங்கிறவங்க இங்க வாங்கடி" என்றாள். நாங்கள் போனோம். சூப்பர்வைசர் எப்படி வருவார்? அவருக்கென்று ஒரு மதிப்பு இருக்கிறதே. அறையிலேயே போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நடுவில் வரிசையாக இரும்பு அலமாரிகள். பெரியம்மாவின் திரையில் ரோஜா வட்டம் வரவேயில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு காலை, அவருடைய மேசையும் நாற்காலியும் ஜன்னலடியில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தன.

"இங்க இருந்தா எல்லாரையும் கவனிக்க வசதி" என்றார்.

எங்களுக்கு வாய் கட்டிப்போயிற்று. சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரைப் பற்றிப் பேசுவது? அவரைப் பற்றித்தானே பாதிப் பேச்சு! ஓவர்லாக் என் காதில், "உங்க பெரியம்மாவுக்கு ஜன்னல் கிடைச்சுது, நமக்கு ஜெயில் கிடைச்சுது" என்று பொருமினாள்.

பெரியம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சார், நேத்து என்ன ஆச்சு தெரியுமா? மாமியார் அந்தப் பெட்டியைத் திறக்கிறா..."

"சொல்லாதீங்க! நான் இன்னும் பார்க்கல!"

"பெட்டிக்குள்ள ஒரு போட்டோ. யாரோட போட்டோன்னு கேளுங்களேன்."

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார். மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை இதே கூத்து நடந்தது. மறுநாள் மேசை தானாகவே பிளைவுட்டுக்குப் பின்னால் திரும்பிப் போய்விட்டது.

இப்போது காஜா மிஷின் ஜன்னலடியில் ஓடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளைச் சட்டைகூடக் கறையோடு திரும்பி வரவில்லை. நூல் வெட்டும் பேச்சை யாரும் எடுப்பதில்லை. மதியம் மணி அடித்ததும் சூப்பர்வைசர் சட்டைப் பையில் போனோடு மெதுவாக நடந்து வருவார். ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார்.

"கொக்கி கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி தெரியுதே" என்பார்.

"கொக்கி நல்லாத்தான் சார் இருக்கு" என்று பெரியம்மா தலை நிமிராமல் சொல்வாள். "ஆடாம அங்கேயே நில்லுங்க. இன்னும் பாதிதான் போயிருக்கு."