கிழியாத பேன்கேக்

எண்பதுகளில் நாங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில் குடியிருந்தோம். என் மகளுக்குக் கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் வாந்தியும் பேதியுமாய்ச் சுருண்டுவிடுவாள். கணவரின் ஃபேக்டரிக்கு வந்த ஸ்வீடன்காரரின் மனைவி, தங்கள் ஊர்ப் பேன்கேக் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் கோதுமைக்குப் பதில் அரிசி மாவில் முட்டையும் பாலும் கலந்து, தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றுவேன். திருப்பும்போது தவறாமல் கிழியும். அந்தக் கந்தலைத்தான் மகள் சீனி தூவி ஆசையாகத் தின்பாள்.

அன்று மூத்த நாத்தனார் வந்திருந்தார். மாவைக் கலக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து ஊற்றிய முதல் பேன்கேக், பட்டுத்துணி மாதிரி முழுசாகப் புரண்டது. பூரித்துப்போய் மகளின் தட்டில் வைத்தேன்.

"அம்மா, இது ஏன் கிழியல?" என்றாள்.

நாத்தனார் சிரித்தார். "நான்தான் ரெண்டு கரண்டி கோதுமை மாவு போட்டேன்லா. நோயாவது ஒண்ணாவது! எல்லாம் நீ குடுக்கிற செல்லம். தின்னட்டும், ஒண்ணும் ஆகாது பாரு."

தட்டைப் பிடுங்கி, மிச்ச மாவோடு சேர்த்துக் குப்பையில் கொட்டினேன்.

"அண்ணி, இனிமே என் அடுப்புப் பக்கம் வராதீங்க."

"ஐயோ, முட்டையெல்லாம் வீணாப்போச்சே!" என்றார். அந்த முகத்தில் உண்மையிலேயே கவலை இருந்தது, முட்டைக்காக.

இன்றும் பேன்கேக் கிழிந்தால்தான் எனக்கு நிம்மதி. முழுசாகத் திரும்பினால் குப்பையில் கொட்டிவிடுகிறேன், மாவு கலந்தது நானேயானாலும்.