ஓட்டோவுக்குள் போகாத ரோபோ

கண்டியில் ரோபோ போட்டி தொடங்க ஒரு மணி நேரமே இருந்தது. எங்கள் அணியினர் பஸ்ஸில் முன்னே போய்விட்டார்கள்; ரோபோவைக் கொண்டுபோக நான் மட்டும் நின்றேன். மடவளைச் சந்தியில் நின்ற ஓட்டோவுக்குள் ரோபோ நுழையவில்லை. கணினியில் அதன் கடைசித் திருகாணி வரை வரைந்தவள் நான்தான். போட்டி விதி அனுமதித்த முழு அகலத்தையும் வைத்திருந்தேன். அதை ஓட்டோவில் ஏற்ற வேண்டும் என்று வரையும்போது நினைக்கவேயில்லை.

ஓட்டோக்கார நானா ஒல்லி மனிதர். எதையும் சாணால் அளப்பவர் போலிருந்தது. ரோபோவை அளந்தார், ஓட்டோவின் வாசலையும் அளந்தார்.

"தங்கச்சி, இத வரையக்கொள என்ட ஓட்டோவ வரையல்லயா?"

"ரோபோவத்தான் வரையச் சொன்னாங்க, நானா. விசராக்காதீங்க!"

"அப்ப இப்ப வரைங்களே."

கோபத்தில் காது சுட்டது. ஆனாலும் மடிக்கணினியைத் திறந்தேன். அவருடைய சாணை அடிமட்டத்தால் அளந்து, அவர் சொன்ன கணக்கில் ஓட்டோவை வரைந்தேன். ரோபோவைத் திரையில் சுழற்றச் சுழற்ற அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நான் எங்க ஈக்கிற? எனக்கும் ஒரு பெட்டி போடுங்க!"

மேலே ஒரு தலையும் வைத்துப் போட்டேன். ரோபோவின் சக்கரங்களில் ஒரு சில்லைக் கழற்றி, அதைச் சாய்த்தால் உள்ளே போகும் என்று திரை காட்டியது. அப்படியே போனது! சில்லை மடியில் வைத்துக்கொண்டு இடுக்கில் ஒடுங்கி, கண்டி வரை அவரோடு கத்திச் சிரித்தேன்.

போட்டியில் நடுவர் என் மடிக்கணினியில் எங்கள் வரைபடத்தைப் பார்த்தார்.

"ஓட்டோவுக்குள்ள இந்தப் பெட்டி யாரு?"

"டிரைவர்" என்றேன். பேரைக் கேட்காமல் இறங்கி ஓடிய மடச்சிக்கு வேறென்ன சொல்ல வரும்?